"மெயில் போகலை": எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது எப்படி?

"மெயில் போட்டாச்சுங்க."

"எங்களுக்கு வரலையே சார்."

மாதக் கடைசியில் எந்த அலுவலகத்திலும் காதில் விழும் பேச்சுதான் இது. கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவருக்கு இது வெறும் எரிச்சல். கல்வராயன் மலையில் அப்படி இல்லை. மலைமேல் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றிலிருந்து கல்வி உதவித்தொகைப் பட்டியல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயில் சேரவில்லை என்பது கடைசித் தேதியன்று தெரிந்தால், பென்டிரைவை எடுத்துக்கொண்டு கச்சிராயப்பாளையம் வழியாக மலையிறங்க வேண்டும். அலுவலகம் பூட்டுவதற்குள் பஸ் போய்ச் சேரவில்லை என்றால், பணம் தள்ளிப்போவது பிள்ளைகளுக்கு.

அனுப்பியதும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அவுட்பாக்ஸ். மெயில் அங்கேயே இருந்தால் அது உங்கள் கணினியை விட்டே கிளம்பவில்லை, சிக்னல் போயிருக்கும். 'சென்ட்' பகுதிக்கு வந்துவிட்டால் உங்கள் பக்கத்து சர்வர் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறோம்.

சேரவில்லை என்றால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மெயில் திரும்பி வரும். அனுப்பியவர் பெயர் 'மெயிலர் டீமன்' என்று இருக்கும். ஏதோ வைரஸ் என்று பயந்து அதை அழித்துவிடுகிறோம். அழிக்காதீர்கள். அதற்குள் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும், அதைத் தேடுங்கள். 550 என்றால் பெரும்பாலும் அந்த முகவரியே இல்லை. ஒரு எழுத்து மாறியிருக்கலாம், அலுவலக முகவரி மாறியிருக்கலாம். நம் மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 முதல்தான் செயல்படுகிறது. அதற்கு முந்தைய சுற்றறிக்கையிலிருந்து முகவரியை எடுத்திருந்தால் ஒருமுறை சரிபாருங்கள். 552 என்றால் இடப் பிரச்சினை: ஃபைல் பெரிது, இல்லையென்றால் அவர்கள் பெட்டி நிரம்பிவிட்டது. எண் 4-இல் தொடங்கினால் அது தற்காலிகத் தடங்கல். சர்வரே விட்டுவிட்டு மறுபடி முயற்சி செய்யும், நான்கைந்து நாள் வரைகூட. அதற்குள் நீங்களும் ஐந்து முறை அனுப்பினால் அங்கே ஒரே பட்டியல் ஆறு தடவை போய் நிற்கும். (இந்தத் தகவலெல்லாம் தமிழில் வந்தால் என்ன என்று கேட்கத்தான் தோன்றுகிறது.)

ஃபைல் அளவில் ஒரு விசித்திரம் உண்டு. ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. உங்கள் ஃபைல் 20 எம்பிதான், ஆனாலும் மெயில் திரும்பி வரலாம். காரணம் பழையது. மெயில் பரிமாற்றத்துக்கு 1982-இல் விதி எழுதியபோது அதில் போகப்போவது ஆங்கில எழுத்துகள் மட்டும் என்று நினைத்தார்கள். அதனால் இன்றைக்கும் படமோ பிடிஎஃப்போ, அனுப்பும்போது எழுத்துகளாக மாற்றப்படுகிறது. மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு எடை கூடுகிறது: 20 எம்பி கிட்டத்தட்ட 27 ஆகிவிடும். சான்றிதழ்களை மொபைலில் போட்டோ எடுத்துப் பக்கத்துக்கு 4 எம்பி வீதம் சேர்ப்பதைவிட, 200 டிபிஐ கருப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். பல மடங்கு குறையும், எழுத்தும் தெளிவாகத் தெரியும். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் சின்ன ஃபைல்தான் போய்ச்சேரும்.

லாகின் தொல்லை தனிக்கதை. எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரும் முறைக்கு டவர் வேண்டும். சில மெயில் சேவைகள் ஓடிபியை மொபைல் செயலியிலேயே உருவாக்கிக்கொள்ள விடுகின்றன. அந்த எண் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும். சிக்னல் இல்லாத இடத்திலும் எண் வரும். மொபைலில் மணி மட்டும் சரியாக இருக்க வேண்டும். சில நிமிடம் தப்பினாலும் ஏற்காது.

இனி தொழில்நுட்ப உதவிக்குப் போன் செய்வது. "சார், மெயில் ஒர்க் ஆகலை" என்றால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் பதில் வரும். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, அந்த ஒரு வரியை வைத்து எதைத் தேடுவார்கள்? சர்வரில் ஒவ்வொரு மெயிலின் போக்குவரத்தும் நேரப்படி பதிவாகிறது. எனவே "இன்று காலை 11.20-க்கு, இந்த முகவரியிலிருந்து இந்த முகவரிக்கு, 6 எம்பி ஃபைலோடு அனுப்பினேன், 552 என்று திரும்பி வந்தது" என்று சொல்லிப் பாருங்கள். எங்கே நின்றது என்று அவர்களால் தேடிப் பார்க்க முடியும். திரும்பி வந்த மெயிலை முழுதாக அனுப்புங்கள், குறைந்தது அதன் ஸ்கிரீன்ஷாட்டையாவது. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பாஸ்வேர்டு, ஓடிபி யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம், உதவி மையம் என்று சொன்னாலும்.

எதுவும் திரும்பி வரவில்லை, அவர்களுக்கும் வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைப்பில் வெறும் "அவசரம்!!!" என்று போட்ட மெயில்கள் அங்கே கிடைப்பது உண்டு. பள்ளி பெயர், பொருள், தேதி என்று எழுதுங்கள்.

பொதுமக்கள் மெயிலில் அனுப்பிய மனுவுக்குப் பதிலே இல்லையென்றால், 'சென்ட்' பகுதியில் உள்ள நகலைத் தேதி தெரியும்படி பிரிண்ட் எடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம். மலையிறங்க முடியாதவர்கள் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்குப் பேசலாம்.