டென்ட் போட்டுத் தங்கப் போகிறீர்களா?

விடுமுறை என்றால் கொடைக்கானல், ஏலகிரி, கோத்தகிரி என்று கிளம்பி, குழந்தைகளோடு டென்ட்டில் தங்கும் குடும்பங்கள் இப்போது நிறைய. முதல் தடவை போகிறவர்கள் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. ‘இரண்டு பேருக்கு’ என்று போட்டிருக்கும் டென்ட்டில் இரண்டு பாய் விரிக்கத்தான் இடம் இருக்கும். பைகளை வைக்க வேண்டுமே! மூன்று பேருக்கானதாகப் பார்த்து வாங்குங்கள். மேலே போர்த்தும் மழைத்துணி தரைவரை இறங்க வேண்டும். உச்சியை மட்டும் மூடுவது சாய்ந்தடிக்கும் மலை மழைக்குத் தாங்காது.

2. ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை கட்டிப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினால் எந்தத் தையல் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். ஜிப் சிக்கினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்து விடுங்கள்.

3. மற்ற எல்லாவற்றையும்விட இடம் முக்கியம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம். தனியார் தோட்டம், ரிசார்ட் என்றாலும் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், ரிசார்ட் டென்ட்டில் தங்கப் போன ஒரு பெண் யானை தாக்கி உயிரிழந்தார். யானை எந்தப் பக்கமாகத் தண்ணீருக்கு இறங்கும், எந்தப் பலா மரத்துக்கு வரும் என்பது அங்கேயே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேண்டாம் என்ற இடத்தில் டென்ட் போடாதீர்கள்.

இடத்தைப் பார்த்ததும் முதலில் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை தொங்கினால் அந்த மரத்தடி வேண்டாம். அழகாக மணல் விரிந்திருக்கிறதே என்று காய்ந்த ஓடையில் இறங்காதீர்கள். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். தரை சமமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். படுக்கும்போது தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும்.

4. அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் உள்ளே அடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து நேராக உங்கள் பாய்க்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

5. முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். நேராக அடித்த முளையைக் காற்று எளிதில் பிடுங்கிவிடும். பாறையாக இருந்தால் கயிற்றைப் பெரிய கல்லில் கட்டலாம். கயிற்றில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினால் இருட்டில் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள்.

6. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. எத்தனை போர்வை போர்த்தினாலும் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே மேலே போர்த்துவதற்கு முன் அடியில் விரிப்பதைக் கவனியுங்கள். வெறும் காற்று மெத்தைக்குள்ளும் குளிர்ந்த காற்றுதான் இருக்கும். ஃபோம் பாய் விரித்து, அதன்மேல் கம்பளி போட்டுப் படுங்கள். வியர்த்த உடையோடு தூங்க வேண்டாம். குளிருக்குப் பயந்து மேல் சன்னலையும் அடைத்துவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிந்து விடியற்காலையில் சொட்டும்.

7. கரி அடுப்பு, கேஸ் அடுப்பு, கணப்புச் சட்டி எதையும் டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஐந்து நிமிடத்துக்குக்கூட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடுவார். வெளியே தீ மூட்ட அனுமதி இருந்தாலும் காய்ந்த புல் உள்ள மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ பறித்த உயிர்களை மறக்கக் கூடாது.

8. புளியோதரை, சப்பாத்தி, அவல் எடுத்துப் போனால் அடுப்பு வேலை குறையும். மிச்சத்தையும் பழங்களையும் உப்பையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஓடைத் தண்ணீரைத் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க வைத்த பிறகே குடிக்க வேண்டும்.

9. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். அதன் கடி பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. எனவே உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் ஜிப்பை முழுக்க மூடுங்கள். செருப்பை உதறிவிட்டு, டார்ச் அடித்து நடங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மலையில் பல இடங்களில் 108-ஐக் கூப்பிட சிக்னலே கிடைக்காது. பக்கத்து மருத்துவமனை எங்கே என்பதைப் பகலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

10. இடி கேட்டால் டென்ட்டை விட்டுவிட்டுக் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். டென்ட் மின்னலைத் தடுக்காது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பலாம்.

11. மலஜலம் கழிக்க ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடிவிட வேண்டும்.

12. புல்தரையில் வெறுமனே உட்காராதீர்கள், படுக்காதீர்கள். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புண் இல்லாவிட்டாலும் மலையில் தங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும்.

13. வீட்டுக்கு வந்ததும் டென்ட்டை நிழலில் நன்றாக உலர்த்துங்கள். அழுக்கை ஈரத்துணியால் துடைத்தால் போதும், வாஷிங் மெஷினில் போட வேண்டாம். ஈரத்தோடு சுருட்டி வைத்த டென்ட்டில் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் பூச்சு உரிந்துவிடும்.