நம்ம ஊரு உப்பு பாலம் கட்டுமா?



போன மாதம் +2 செய்முறை வகுப்பில் டேனியல் மின்கலம் செய்தோம். ஒரு பீக்கரில் துத்தநாக சல்பேட், இன்னொன்றில் காப்பர் சல்பேட். இரண்டையும் இணைக்க உப்புப் பாலம் வேணும். பொட்டாசியம் குளோரைடு பாட்டிலோ காலி! "மரக்காணத்துல உப்புக்கா சார் பஞ்சம்?" என்று கேட்டேன். எங்க அம்மா உப்பளத்துல வேலை செய்றாங்க. மறுநாளே ஒரு பை உப்பு கொண்டு வந்தேன்.

வோல்ட்மீட்டர் 1.08 காட்டியது. புது பாட்டில் வந்ததும் அதை வைத்தும் செய்தோம். அதே 1.08! "அப்போ பொட்டாசியம் எதுக்கு சார்? நம்ம உப்பே போதுமே" என்றேன். சார் சிரித்துவிட்டு, "நீயே கண்டுபிடிச்சு சுவர் இதழ்ல எழுது" என்றார். இதோ எழுதிவிட்டேன்.

பாலம் என்பது என்ன?

ப வடிவக் கண்ணாடிக் குழாயில் உப்பு கலந்த அகர் கூழை ஊற்றி உறைய வைப்பதுதான். நோன்பு நேரத்தில் செய்வாங்களே கடல்பாசி, அதே பொருள்தான் அகர். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகியவற்றில் இருந்து கிடைக்கிறது. உறைந்த கூழில் பெரும்பகுதி தண்ணீரே. அதனால் அயனிகள் உள்ளே தாராளமாக நடமாடும். ஆனால் கரைசல்கள் ஒன்றோடொன்று ஓடிக் கலக்காது.

வீட்டில் செய்து பாருங்கள்: கண்ணாடி டம்ளரில் உறைந்த கடல்பாசி மேல் மயில்துத்தக் கரைசல் ஊற்றுங்கள். ஒரு நாளில் நீல நிறம் ஓரிரு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். (அதை யாரும் சாப்பிட்டு விடாதீர்கள்! அந்த டம்ளரையும் மறுபடி சமையலறைக்குக் கொண்டு போக வேண்டாம்.)

அயனிகளின் ஓட்டப் பந்தயம்

25 டிகிரி வெப்பநிலையில் நீரில் அயனிகளின் கடத்துதிறன்:

பொட்டாசியம் – 73.5
குளோரைடு – 76.3
சோடியம் – 50.1

பொட்டாசியமும் குளோரைடும் கிட்டத்தட்ட சம வேகம். சோடியம் மட்டும் பின்தங்குகிறது. சோடியம் அயனி சின்னதுதான், ஆனால் தன்னைச் சுற்றி நிறைய தண்ணீரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வரப்பு மேலே உப்புக்கூடை சுமந்து போகிறவர்களில் பாரம் அதிகமானவர் பின்னால் வருவது போல.

கூழும் கரைசலும் தொடும் இடத்தில் குளோரைடு முந்திக்கொண்டு வெளியே போனால் அங்கே எதிர் மின்சுமை சேரும். இதனால் வரும் சிறு மின்னழுத்தமே சந்தி மின்னழுத்தம். ஒரே உப்பு, ஒரு பக்கம் பத்து மடங்கு செறிவு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சோடியம் குளோரைடுக்குச் சுமார் 12 மில்லிவோல்ட். பொட்டாசியம் குளோரைடுக்குச் சுமார் 1 மில்லிவோல்ட்தான்.

அப்போ எங்கள் வோல்ட்மீட்டர் ஏன் காட்டவில்லை? பாலத்தின் இரண்டு முனையிலும் ஏறக்குறைய ஒரே செறிவு. ஒரு முனையில் வந்ததை மறு முனை கழித்துவிட்டது! இரண்டு பக்கமும் வேறு வேறு கரைசலாக இருந்தால் அப்படிக் கழியாது.

12 மில்லிவோல்ட் ரொம்பச் சின்னது என்று நினைக்காதீர்கள். பி.எச். மீட்டரில் அது 0.2 அளவு தவறு. நம் இரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரைதான் இருக்க வேண்டும். அங்கே 0.2 தவறினால் நோயாளியின் நிலைமையே தப்பாகத் தெரியும். அதனால்தான் பி.எச். மீட்டருக்குள் பொட்டாசியம் குளோரைடு வைக்கிறார்கள்.

தோற்றேனா?

வகுப்பு மின்கலத்துக்கு நம்ம உப்பு போதும். நுட்பமான அளவீட்டுக்கு ஆகாது. கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் சுமார் 11 கிராம், பொட்டாசியம் சுமார் 0.4 கிராம். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில்தான் அந்தப் பொட்டாசியம் சேர்ந்து நிற்கிறது! குஜராத் பாவ்நகரில் 1954ல் தொடங்கிய மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் அதைப் பிரித்தெடுக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. பொட்டாஷ் உரத்துக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நாடு நம்முடையது.

அம்மாவிடம் சொன்னேன். "வேணாம்னு வெளியே விடுற தண்ணியிலயா அது இருக்கு?" என்று கேட்டாங்க.

யோசியுங்கள்: சில்வர் நைட்ரேட் கரைசலுக்குப் பொட்டாசியம் குளோரைடு பாலமும் ஆகாது. ஏன்? விடையை எழுதி இந்தத் தாளின் கீழே ஒட்டுங்கள்.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு