மேவிபோசேத்தின் கழுதைக்குச் சேணம் கட்டுவது யார்?

வேதபாடம்: 2 சாமுவேல் 4:4, 9:1-13, 19:24-30



இந்தப் பாடத்தை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று பல நாள் யோசித்தேன். இதில் வருகிற தப்பு என்னுடையது. என் தம்பிதான், "எழுதுங்கண்ணா, நாலு வீட்டுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றான்.

மேவிபோசேத் பிறவியிலேயே முடவன் அல்ல. ஐந்து வயதில், சவுலும் யோனத்தானும் மடிந்த செய்தி யெஸ்ரயேலிலிருந்து வந்தபோது, தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடின அவசரத்தில் பிள்ளை விழுந்தான், இரண்டு கால்களும் போயின. கவனியுங்கள், அவள் அவனை வெறுத்தவள் அல்ல. காப்பாற்றத்தான் ஓடினாள். அன்புள்ளவர்களின் அவசரத்தாலும் காயம் வரும்.

2018-ல் தி.நகரில் ஒரு கட்டிடத்தில் ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தபோது என் தம்பி சாரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவனுக்கு 26 வயது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. உயரமான வாசற்படி, குறுகலான பாத்ரூம். அம்மா ஒருத்திதான் அவனைப் பார்த்துக்கொண்டாள். நான் ஜெபம் பண்ணினேன். அதாவது, ஜெபம் மட்டும் பண்ணினேன்.

ஆறு மாதம் ஆகியும் கால் அசையவில்லை. ஒரு நாள் அவன் முகத்துக்கு நேராகவே, "உனக்கு விசுவாசம் பத்தலடா" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். பிறகு வீட்டிலேயே மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தேன். காலை முதல் இரவு வரை அவனை நாற்காலியில் நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்று ஜெபித்தோம். "அவனைக் கொஞ்சம் படுக்க வைக்கலாமே" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். "இப்ப குறுக்கே பேசாதீங்கம்மா" என்றேன்.

நான்காம் நாள் அவனைக் குளிப்பாட்டும்போது அம்மா பார்த்தாள். இடுப்பின் அடியில் தோல் கறுத்திருந்தது. ஒரு வாரத்தில் அது குழியானது. அந்தப் புண் ஆறும்வரை நாலு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

இது எப்படி வருகிறது என்பதை எல்லாரும் அறிந்துகொள்ள வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும்போது எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் சதை நசுங்கி இரத்த ஓட்டம் தடைபடுகிறது. உடனே நமக்கு வலிக்கிறது, நம்மை அறியாமலே அசைந்து கொடுக்கிறோம். தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்த வலி தெரியாது. சதை உள்ளேயே செத்துப்போகும், வெளியே தெரிவது கடைசியில்தான். ஆகவே படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடவேண்டும். நாற்காலியில் இருந்தால் கால் மணி, அரை மணிக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவேண்டும். சிறுநீரையும் கடிகாரம் பார்த்து ட்யூப் வைத்து எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும். ஒருகாலத்தில் இப்படி அடிபட்டவர்களில் அநேகர் இந்தப் புண்ணாலும் சிறுநீர்க் கிருமியாலுமே மரித்தார்கள். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் செய்த பெரிய காரியம் என்ன தெரியுமா? இராப்பகலாக இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளிகளைத் திருப்பிப் போட வைத்தார். அதிலே பிழைத்தார்கள்.

புண் ஆறினபிறகு தம்பியை வேலூர் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மறுவாழ்வு நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கி எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளவேண்டும். அம்மாவை வீட்டில் விட்டு நான் தங்கினேன். 34 வயதில், என் தம்பியைத் திருப்பிப் போட முதல்தரம் கற்றுக்கொண்டேன்.

அந்த நிலையம் 1966-ல் உண்டாவதற்குக் காரணமானவர் டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துக்காரர், அதே சி.எம்.சி.யில் படித்த டாக்டர். 1954 ஜனவரியில் கார் கவிழ்ந்ததில் அவருடைய கால்கள் இரண்டும் செயலிழந்தன. அவரும் ஜெபித்தவர்தான், அவருக்காக ஜெபித்தவர்களும் அநேகர். கால்கள் எழவில்லை. டாக்டர் பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவருக்கு வழி காட்டினார். வீல்சேரில் இருந்தே அவர் ஆபரேஷன் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

இப்போது மேவிபோசேத்திடம் திரும்புவோம். தாவீது அவனை லோதேபாரிலிருந்து வரவழைத்தான். நிலத்தைத் திருப்பிக் கொடுத்தான், பயிரிட ஆட்களை ஏற்படுத்தினான், தன் பந்தியில் உட்காரவைத்தான். அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசித்துப் பாருங்கள். ராஜ பந்தியில் நித்தம் சாப்பிட்டவன் அப்போதும் இரண்டு காலும் முடமானவன்தான் என்று முடிகிறது. நடந்தால்தான் பந்தி என்று தாவீது சொல்லவில்லை. 19-ம் அதிகாரத்தில் இன்னொரு காரியம் இருக்கிறது. ராஜாவோடு ஏன் வரவில்லை என்று கேட்டபோது, கழுதைமேல் ஏறி வர நினைத்தேன், வேலைக்காரன் என்னை மோசம்போக்கினான் என்கிறான். அவனுக்கு மனம் இருந்தது. சேணம் கட்டிக் கொடுக்க ஆள் இல்லை. அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் சீபாவின் இடத்தில் என்னைத்தான் பார்க்கிறேன்.

ஜெபத்தை நாங்கள் விடவில்லை. வேலூரிலிருந்து வந்த முதல் இரவு தம்பி சொன்னான்: "அண்ணா, நல்லா ஜெபம் பண்ணுங்க. ஆனா ரெண்டு மணிக்கு ஒரு தடவ என்னைத் திருப்பிப் போட்டுட்டு பண்ணுங்க." இரவு 11-க்கும் 1-க்கும் நான், 3-க்கும் 5-க்கும் அம்மா என்று முறை வைத்துக்கொண்டோம்.

2022 நவம்பரில் மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே வீல்சேர் போக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். அதில் தம்பியைத் தள்ளிக்கொண்டு போனோம். நாலு வருஷம் கழித்து அலையைப் பக்கத்தில் பார்த்தான். அம்மா மாங்காய் பத்தை வாங்கிக் கொடுத்தாள். "காரம் பத்தல" என்றான். வீட்டுக்கு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் அம்மா.

நம் ஜெபவீட்டு வாசலில் இரண்டு படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் நாலு சகோதரர்கள் அவனை நாற்காலியோடு தூக்குகிறார்கள். தூக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்ற கணக்கில், அந்த ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடிச் சாய்தளம் வேண்டும். சந்துப் பக்கம் எட்டடிதான் இருக்கிறது, நடுவில் திருப்பம் வைத்துக் கட்டலாம் என்கிறார் மேஸ்திரி. வருகிற சனிக்கிழமை அளவெடுக்க வருகிறார்.