மூளைப் படமும் நோய்க் கிருமியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

மண்டை ஓட்டைத் திறக்காமலே மூளையைக் காண வழி செய்தது இருபதாம் நூற்றாண்டின் அரிய சாதனைகளுள் ஒன்று. 1971 அக்டோபர் முதல் நாள், இலண்டன் விம்பிள்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்குரிய கணிதத்தை வகுத்த கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். எக்ஸ் கதிரைப் பல கோணங்களில் செலுத்தி, உள்ளிருப்பதைத் துண்டு துண்டாகக் காட்டுவது சி.டி. காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகையைக் கொண்டு படம் வரைவது எம்.ஆர்.ஐ.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே ஊரில் யார் ஸ்கேன் எடுத்து வந்தாலும் அந்தப் பெரிய கவருடன் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். “பாப்பா, இதுல என்ன நோவுன்னு போட்டிருக்கு, பாத்துச் சொல்லு” என்பார்கள். படத்திலேயே நோயின் பெயர் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி என்பதைக் காண்போம்.

படத்தில் தெரிவது எது?

காசநோய்க் கிருமியின் நீளம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு. சி.டி. படத்தின் ஒரு புள்ளியோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். எனவே கிருமி படத்தில் தெரியாது. நரம்பில் ஏற்றும் சாய மருந்து நல்ல மூளைக்குள் கசியாது. அழற்சி உள்ள இடத்தில் கசிந்து வளையமாக ஒளிரும். கிருமியைச் சுற்றி உடல் எழுப்பிய அரணே அவ்வளையம். நாம் காண்பது திருடனை அல்ல, திருடனைச் சூழ்ந்து நிற்கும் ஊர்க்காரர்களை!

ஊரில் ஆளே இல்லையென்றால்? எச்.ஐ.வி. தொற்றினாலோ, ஸ்டீராய்டு மருந்தினாலோ, மாற்றுச் சிறுநீரகத்துக்காக உண்ணும் மருந்துகளினாலோ எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அவ்வளையம் மங்கலாகலாம், தோன்றாமலும் போகலாம். படம் அமைதியாக இருக்கும், நோயோ முற்றியிருக்கும்.

தமிழகம் கற்ற பாடம்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். பின்னர் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை இந்நோயாளிகளின் பெரும் புகலிடமாயிற்று. இவர்களுக்கு மூளையில் வரும் தொற்றுகள் பல. டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பெரும்பாலும் பல வளையங்களாகத் தோன்றும். காசநோய்க் கட்டியும் வளையமே. ஒருவகைப் புற்றுநோயும் வளையமே. ஆகவே டாக்ஸோபிளாஸ்மாவுக்கு மருந்து கொடுத்து, சுமார் இரண்டு வாரத்தில் மீண்டும் படம் எடுப்பர். வளையம் சுருங்கினால் ஐயம் தீரும். சுருங்காவிடில் வேறு நோயைத் தேடுவர்.

கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை மூளை உறையைத் தாக்கும்போது சி.டி. படம் பல நேரங்களில் இயல்பாகவே இருக்கும். முதுகுத் தண்டு நீரை எடுத்து, கறுப்பு மை கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், இருண்ட வானில் நிலவுபோல் பூஞ்சை தெரியும். பல இலட்சம் ரூபாய்க் கருவி காட்டாததை ஒரு சொட்டு மை காட்டிவிடுகிறது!

2021இல் கொரோனாவுக்குப் பின் சர்க்கரை நோயாளிகளைத் தாக்கிய கருப்புப் பூஞ்சையை நாம் மறக்கவில்லை. அது மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவும். இரத்தக் குழாய்களை அடைத்துத் திசுவைச் சாகடிக்கும். செத்த இடத்துக்குச் சாயம் செல்லாததால் எம்.ஆர்.ஐ.யில் மூக்கினுள் கறுப்பாகத் தெரியும். அங்கே ஒளியின்மையே அடையாளம்.

கல்மரம் தரும் உவமை

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறக்குறைய பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் கிடக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் மரம். தட்டிப் பார்த்தால் கல். ஸ்கேன் படமும் அத்தகையதே. உருவத்தைத் தரும், பொருளைத் தராது. இடத்தைக் காட்டும், எவ்வளவு பெரிது, எவ்வளவு வீக்கம், முதுகில் ஊசி போடுவது ஆபத்தா என்று சொல்லும். பெயரைச் சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடமும் நோயாளியின் வரலாறும் ஆகும்.

இங்கேதான் நம் கடமை இருக்கிறது. மூட்டுவலிக்கெனப் பெயர் தெரியாத மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவோர் நம் ஊர்களில் உண்டு. சர்க்கரையை மறைப்போரும், எச்.ஐ.வி. என்ற சொல்லுக்கே அஞ்சி வாய் திறவாதோரும் உண்டு. இவற்றை அறியாத மருத்துவர், மங்கலான படத்தைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ எனக் கருதிவிட இடமுண்டு. மறைப்பதற்கு இன்று தேவையும் இல்லை. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து இலவசம். நோயாளியின் ஒப்புதலின்றி அவர் நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

ஆகவே மாணவ நண்பர்களே! நம் வீட்டாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது ஸ்கேன் கவரோடு, அவர்கள் உண்ணும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்வோம். தீராத தலைவலி, காய்ச்சல், வலிப்பு, தடுமாற்றம் கண்டால் உள்ளதை உள்ளபடி சொல்லச் செய்வோம். படத்தைப் படிப்பவர் மருத்துவர். அவருக்குப் பாதி விடையைத் தருபவர் நோயாளியே.