மருந்தாளுநரின் கைநூல்கள்

கேள்வி: மருந்தின் அளவு, பக்கவிளைவு போன்றவற்றை மருந்தாளுநர்கள் எந்த நூல்களில் சரிபார்க்கிறார்கள்?

பதில்: இந்த நூல்களில் முக்கியமானவை இரு வகை. மருந்தின் தூய்மை, வீரியம், சோதனை முறைகளை வரையறுப்பது பார்மகோபியா. சுதந்திர இந்தியாவில் அதன் முதல் பதிப்பு 1955இல் வந்தது. இப்போது காசியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா ஆணையம் அதை வெளியிடுகிறது. மருந்துக்கடையில் அன்றாடம் உதவுவது ஃபார்முலரி. ஒரு மருந்து எந்த நோய்க்கு, எவ்வளவு, யாருக்குக் கூடாது, எந்த மருந்தோடு சேரக்கூடாது என்று அது சொல்லும். இந்தியாவின் தேசிய ஃபார்முலரியும் அதே ஆணையத்தின் வெளியீடுதான். பிரிட்டனில் இந்த வேலையைச் செய்வது பிஎன்எஃப் (பிரிட்டிஷ் நேஷனல் ஃபார்முலரி). அரிய மருந்துகளையும் வெளிநாட்டு வணிகப் பெயர்களையும் தேட, 1883இல் முதன்முதலாக வெளிவந்த மார்ட்டின்டேல் என்ற நூல் கைகொடுக்கும். மருந்துத் தகவல்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பழைய பதிப்பை நம்பி மருந்து கொடுப்பது ஆபத்து.