குன்னத்துக் கற்கள்

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே, 2020 அக்டோபரில், நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி படங்களுடன் சமூக ஊடகங்களில் விரைந்து பரவியது. நிலவியல் வல்லுநர்கள் நேரில் ஆராய்ந்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் தொல்கடல் உயிரி சார்ந்த படிவுகள் எனத் தெளிவுபடுத்தினர்.

அவ்வதந்தி எளிதில் நம்பப்பட்டதற்குக் காரணம் உண்டு. அண்டை மாவட்டமான அரியலூரின் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைப் புதைபடிவங்களைக் கண்டறிந்ததாக, சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் அறிவித்திருந்தனர். அங்குக் கிடைத்தது இங்கும் கிடைக்கலாம் என்று மக்கள் எண்ணியது இயல்பே. முழுப்பொய்யைச் செய்தியாளர் எளிதில் இனங்கண்டுகொள்வார். உண்மைக்கு அருகில் நிற்கும் பொய்தான் அவரை ஏமாற்றுகிறது.

இத்தகைய வேளையில் அவர் ஆற்றவேண்டிய பணி பெரிதன்று. கல்லைப் பார்க்கத் தெரிந்தவரிடம் கேட்டாலே போதும். முட்டை ஓட்டில், கருவின் சுவாசத்திற்கான நுண்துளைகள் இருக்கும். உருண்டைக் கற்களோ, உயிரி எச்சம் போன்ற ஒன்றைச் சுற்றிக் கனிமங்கள் படிந்து இறுகுவதால் உருவாகின்றன. புறத்தோற்றம் ஒன்றாயினும் உள்ளமைப்பு வேறு. இதை அறிய ஒருநாள் ஆகலாம். செய்தியை முந்தித் தரும் போட்டியில் முதலில் பலியாவது அந்த ஒருநாளே.

வதந்தியால் மறைந்துபோன மெய்ச்செய்தியோ இன்னும் வியப்பானது. கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதி கடலடியில் இருந்தது. கணவாய்க்கு உறவான அம்மோனைட்டுகள் அக்கடலில் வாழ்ந்து, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின. இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்குப் பயன்படும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடல் விட்டுச் சென்றதே. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரமும் அக்காலத்திற்குச் சான்றாகக் கிடக்கிறது. பருத்தியும் சோளமும் விளையும் மண்ணில் கடலுயிரி கிடைத்தது என்பதைவிடச் சிறந்த தலைப்பு வேறென்ன வேண்டும்?

தலைப்பின் இறுதியில் கேள்விக்குறி இட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று கருதுவோர் உண்டு. படிப்பவர் நினைவில் முட்டை நிற்கும், கேள்விக்குறி நிற்பதில்லை. செய்தியை வெளியிடுமுன் சரிபார்க்க வேண்டும், பிழை தெரிந்தால் உரிய முக்கியத்துவத்துடன் விரைந்து திருத்தம் வெளியிட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. முதற்பக்கப் பிழைக்கு உட்பக்க மூலையில் இடப்படும் திருத்தம் இந்நெறிக்குப் பொருந்தாது. கைப்பேசிகளில் கைமாறிய முட்டைப் படத்திற்கோ, திருத்தம் வெளியிட ஆசிரியர் எவரும் இல்லை.