செம்மரமும் கிடங்குச் சாவியும்
வணிகர் கல்வி: அரிய உயிரினங்களின் உலக வணிக ஒப்பந்தம்



அத்திப்பட்டு, வல்லூர், மீஞ்சூர் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குக் கண்டெய்னர் லாரி புதிதல்ல. கடை திறக்கும்போதும் போகிறது, பூட்டும்போதும் போகிறது. 2001-இல் எண்ணூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் பெயர் காமராசர் துறைமுகம். அதன் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. துறைமுகங்களோடு கிடங்குகளும் பெருகின. கடைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கொட்டகைக்கும் இன்று வாடகை கேட்டு ஆள் வருகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு மளிகைக் கடைக்காரரை எண்ணிக்கொள்வோம். அவரது கொட்டகைக்கு மாதம் எட்டாயிரம் தேறினால் அதிகம். ஒருவர் வந்து, "இருபதாயிரம் தருகிறேன் அண்ணாச்சி. இரண்டு மாதம் போதும். பிளாஸ்டிக் சாமான் வைக்கிறோம். ஒப்பந்தப் பத்திரம் எல்லாம் எதற்கு?" என்கிறார். கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிடுகிறார். ஒருநாள் விடியற்காலை அதிகாரிகள் வந்து பூட்டை உடைத்தால், உள்ளே சிவந்த மரக்கட்டைகள்! வாடகைக்கு எடுத்தவரின் தொலைபேசி அணைந்து கிடக்கிறது. அதிகாரிகளின் முதல் கேள்வி, "இந்த இடம் யாருடையது?" என்பதுதான்.

இக்கேள்விக்குப் பின்னால் ஓர் உலக ஒப்பந்தமே நிற்கிறது. அதைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

ஒப்பந்தம் எப்படி வந்தது?

யானைத் தந்தம், புலித்தோல், ஆமை, கிளி, அரிய மரம் ஆகியவை ஒரு நாட்டில் எடுக்கப்பட்டு வேறொரு நாட்டில் விற்கப்படுகின்றன. எடுக்கும் நாடு மட்டும் சட்டம் போட்டுப் பயனில்லை. வாங்கும் நாடும் வாசலில் நின்று சரிபார்க்க வேண்டும். இந்த எண்ணத்தில் 1973 மார்ச் 3-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1975 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-இல் சேர்ந்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதைச் 'சைட்டிஸ்' என்பார்கள். தலைமைச் செயலகம் ஜெனீவாவில் உள்ளது.

இந்த ஒப்பந்தம் வணிகத்துக்கு எதிரி என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஏறத்தாழ 40,000 உயிரினங்கள் இதன் பட்டியல்களில் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை உரிய அனுமதித் தாளோடு விற்கலாம், வாங்கலாம்.

மூன்று பட்டியல்கள்

முதல் பட்டியலில் இருப்பவை அழிவின் விளிம்பில் நிற்பவை. புலி, ஆசிய யானை போன்றவை இதில் அடங்கும். காட்டிலிருந்து எடுத்த இவற்றை இலாபத்துக்காக நாடு விட்டு நாடு விற்கக் கூடாது. நம் நட்சத்திர ஆமை முன்பு இரண்டாம் பட்டியலில் இருந்தது. செல்லப்பிராணியாக வளர்க்கக் கடத்துவது ஓயாததால் 2019-இல் முதல் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது.

இரண்டாம் பட்டியலில் இருப்பவை இன்று அழிந்துவிடும் நிலையில் இல்லை; ஆனால் கண்டபடி விற்றால் அந்நிலை வந்துவிடும். ஏற்றுமதி செய்யும் நாடு, "இதை எடுத்ததால் இனத்துக்குக் கேடில்லை, சட்டப்படியே எடுக்கப்பட்டது" என்று சான்று தந்தால் போகலாம்.

மூன்றாம் பட்டியல், ஒரு நாடு தன் உயிரினத்தைக் காக்கப் பிற நாடுகளின் ஒத்துழைப்பைக் கேட்டுச் சேர்ப்பது.

நம் மொழியில் சொன்னால், முதல் பட்டியல் விற்பனைக்கு இல்லாத சரக்கு. இரண்டாவது, லைசென்சு இருந்தால் விற்கும் சரக்கு. மூன்றாவது, பிறந்த ஊர்ச் சான்று கேட்கும் சரக்கு.

செம்மரத்தின் கதை

நம் வட்டாரத்துக்கு மிக நெருங்கியது செம்மரம். உலகத்தில் இது இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. திருப்பதியைச் சுற்றிய சேஷாசலம் காடுகள், கடப்பை, நெல்லூர் மாவட்ட மலைகள், அவற்றையொட்டிய சில இடங்கள், அவ்வளவுதான். அந்தக் காட்டுக்கும் நம் துறைமுகங்களுக்கும் இடையில் சில மணி நேர லாரிப் பயணமே உள்ளது. கடத்தல்காரர்களின் கண் வடசென்னை மீது விழுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த மரத்தின் வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. சீனத்தில் உயர்ந்த மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் சாமிசென் என்ற தந்தி வாத்தியத்தின் தண்டுக்கும் இதை விரும்பி வாங்குகிறார்கள். சாயத்துக்கும் மருந்துக்கும் தூள் பயன்படுகிறது. விலை ஏறியதால் காடு காலியாகத் தொடங்கியது. 1995-இல் செம்மரம் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கட்டை மட்டுமல்ல, மரச்சீவல், தூள், சாறு எல்லாம் இதில் அடங்கும்.

நேர்வழி இல்லாமல் இல்லை. பறிமுதல் செய்த கட்டைகளை ஆந்திர அரசு ஏலம் விடுகிறது. அவற்றை அரசு அனுமதியோடும் சைட்டிஸ் தாளோடும் ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய கட்டைக்கு எந்தத் தாளும் கிடைக்காது. ஆகவே அது வேறு சரக்கின் பெயரில்தான் போயாக வேண்டும். 2022-இல் குஜராத்தில் சபர்மதி சரக்கு முனையத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் ஒரு கண்டெய்னரைத் திறந்தனர். தாளில் இருந்தது பலவகைக் குளியல், ஒப்பனைப் பொருள்கள். உள்ளே இருந்தது 14 டன்னுக்கு மேற்பட்ட செம்மரம். சென்னைத் துறைமுக வட்டாரத்திலும் இத்தகைய பிடிப்புகள் பலமுறை நடந்துள்ளன. நாம் அன்றாடம் விற்கும் சரக்குகளின் பெயர்கள்தான் இவர்களுக்குப் போர்வை என்பதைக் கவனியுங்கள்.

இந்த வணிகத்தில் உயிரை இழப்பவர்கள் ஏழைகள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் மாண்டார்கள். இலாபம் பார்த்தவர்கள் காட்டுப் பக்கமே போகாதவர்கள்.

"எனக்குத் தெரியாது" என்றால் போதுமா?

சைட்டிஸ் நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். கடைக்காரரைத் தொடுவது உள்நாட்டுச் சட்டம். நம் நாட்டில் அவை முக்கியமாக இரண்டு.

ஒன்று, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2022-இல் இது திருத்தப்பட்டுச் சைட்டிஸ் உயிரினங்களுக்கென்றே தனி அட்டவணை சேர்க்கப்பட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் அட்டவணை விலங்கின் பொருளை வைத்திருந்தால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. ஏழு ஆண்டு வரை போகலாம். இச்சட்டத்தின் 57-ஆம் பிரிவை ஒவ்வொரு வணிகரும் மனத்தில் பதிக்க வேண்டும். விலங்குப் பொருளோ சட்டம் குறிப்பிட்ட தாவரமோ ஒருவர் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால், அது முறைகேடாக வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

மற்றது, 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். தடை செய்த சரக்கைக் கடத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை. கட்டையை மறைக்க மேலே அடுக்கிய வெங்காய மூட்டையும் பறிமுதலுக்கு உரியதே. லாரியும் அப்படியே. லாரியைத் தப்பவைக்க வேண்டுமானால், உரிமையாளருக்கு மட்டுமல்ல, அவருடைய முகவருக்கும், வண்டிக்குப் பொறுப்பான ஓட்டுநருக்கும்கூட விஷயம் தெரியாது என்று நிரூபிக்க வேண்டும்.

நம் அலமாரியில் என்ன இருக்கிறது?

கிடங்கு இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. மளிகையோடு நாட்டு மருந்துச் சரக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க.

கோஷ்டம் முதல் பட்டியலில் இருக்கிறது. உள்நாட்டிலும் அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. சடாமாஞ்சில், கடுகுரோகிணி, சர்ப்பகந்தா, அகில் ஆகியவை இரண்டாம் பட்டியல். இந்த நான்கையும் உள்ளூரில் விற்பதற்குச் சைட்டிஸ் தாள் வேண்டியதில்லை. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு மூட்டையாகவோ பார்சலாகவோ அனுப்பினால் கதை வேறு. "மகன் வீட்டுக்கு ஒரு கிலோ செஞ்சந்தனத் தூள் கட்டிக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டால், அனுமதியில்லாமல் நாடு தாண்டக் கூடாத சரக்கு அது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் நிற்கப் போவது அவர்தான்.

விலங்குச் சரக்கில் இன்னும் கண்டிப்பு. கஸ்தூரி மஞ்சளுக்கு அச்சம் வேண்டாம், அது கிழங்கு. கஸ்தூரி என்று வரும் மான் கஸ்தூரிதான் குற்றம். புலிநகம், உடும்பு எண்ணெய், அம்பர் எனப்படும் திமிங்கலச் சரக்கு எதையும் தொடாதீர்கள். 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில் பூசைக்குரிய வேர் என்று விற்பார்கள். அது வேரே அல்ல; ஆண் உடும்பின் உறுப்பு. மயில் தானாக உதிர்த்த இறகை உள்நாட்டில் விற்கலாம், ஏற்றுமதிக்குத் தடை.

காசிமேடு, இராயபுரம் பக்கம் கருவாட்டு வணிகம் செய்வோருக்கும் ஒரு சொல். கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் புலிக்குச் சமமான பாதுகாப்பில் உள்ளவை. சுறாத் துடுப்பின் ஏற்றுமதி 2015-இல் தடை செய்யப்பட்டது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. எழுத்து மூல ஒப்பந்தமும், அடையாளச் சான்றின் நகலும், ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லாமல் கிடங்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மாதம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

2. ஊர் வாடகையைவிட இரண்டு மடங்கு தருகிறேன் என்பவரிடம் காரணம் கேளுங்கள். அந்த அதிகப் பணம் நம் வாயை மூடத் தரும் விலை.

3. உங்கள் பெயரிலோ ஜி.எஸ்.டி., ஏற்றுமதி எண்ணிலோ பிறர் சரக்கு அனுப்ப இடம் தராதீர்கள்.

4. நாட்டு மருந்துச் சரக்கைப் பில்லோடு வாங்குங்கள். பயிரிட்டதா, காட்டில் எடுத்ததா என்று மொத்த வியாபாரியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

5. ஐயம் வந்தால் சரக்கை நகர்த்தாதீர்கள், ஒளிக்காதீர்கள். வனத்துறைக்கோ சுங்கத்துறைக்கோ நீங்களே முதலில் தெரிவியுங்கள். மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்பு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே உள்ளது.

முடிவாக

தடை வந்தால் பிழைப்பு போய்விடுமே என்று கேட்போர் உண்டு. ஒரு காலத்தில் சென்னை பாம்புத்தோல் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம். சட்டம் வந்ததும் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்கள் தவித்தார்கள். ஆனால் 1978-இல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டார்கள். அந்த நஞ்சிலிருந்து செய்த மருந்து நாடெங்கும் உயிர் காக்கிறது. அதே கைத்திறன், அதே பாம்பு. வழி மட்டும் மாறியது.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். நம் மடியில் பிறர் கொண்டுவந்து வைக்கும் கனத்துக்கும் அது பொருந்தும். இன்று கடை அடைத்ததும், உங்கள் கிடங்குகளின் சாவிகள் எத்தனை, அவை யார் யார் கையில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு சாவிக்காவது பெயர் எழுதக் கை தயங்கினால், நாளை காலை முதல் வேலை அந்தக் கதவைத் திறந்து பார்ப்பதாக இருக்கட்டும்.